ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லையா? தண்ணீரிலிருந்து சென்சர் வரை வரிசையாகப் பார்க்கும் முறை

கினிகத்தேனை ஏற்றத்தில் முன்னால் ஒரு லொறி, பின்னால் ஒரு பஸ். முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது சூடு முள் பாதியைத் தாண்டி மேலே போகிறது, பொனட்டுக்குள் ஃபேன் சத்தமே கேட்கவில்லை. நம் மலையகப் பக்கத்தில் ஃபேன் கோளாறு பெரும்பாலும் இப்படித்தான் தெரியவரும். தட்டையான ரோட்டில் 60இல் ஓடும்போது வருகிற காற்றே ரேடியேட்டருக்குப் போதும். ஏற்றத்தில் எஞ்சினுக்கு வேலை கூடும், காற்றோ வராது. அப்போது ஃபேன் ஒன்றுதான் துணை.

புதிதாகக் கைவைப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, "மோட்டார் போய்விட்டது" என்று முடிவுகட்டிப் புதிதாக ஒன்று வாங்குவது. மோட்டார் நன்றாக இருந்து, தண்ணீர் குறைந்ததாலோ ஒரு பின் பச்சை பிடித்ததாலோ ஃபேன் நின்றிருக்கலாம். வரிசை மாறாமல் பார்த்தால் வீணாக ஒரு பார்ட்ஸ்கூட வாங்க வேண்டியதில்லை. முதலில் தண்ணீர், அடுத்து மோட்டார், பிறகு பியூஸ், ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச்), கடைசியில் சென்சர்.

இங்கே சொல்வது ஆல்டோ, வேகன் ஆர், விட்ஸ், கொரோலா மாதிரி மின் மோட்டாரில் சுற்றும் ஃபேன் உள்ள கார்களுக்கு. பழைய டீசல் வேன்கள் பலவற்றில் ஃபேன் பெல்ட்டோடு சேர்ந்து சுற்றும். அவற்றுக்கு இது பொருந்தாது.

1. முதலில், இது கோளாறுதானா?

நுவரெலியாவில் காலை குளிரில் காரை ஸ்டார்ட் செய்து கால் மணி நேரம் விட்டாலும் ஃபேன் வராமல் இருக்கலாம். அது கோளாறு அல்ல. பெரும்பாலான கார்களில் தண்ணீர் 93 முதல் 98 பாகை வரை சூடானால்தான் ஃபேன் சுற்றும். வெளியே 12, 13 பாகை இருக்கும்போது சும்மா நிற்கும் எஞ்சின் அந்தச் சூட்டுக்கு வர நேரம் எடுக்கும். இறக்கத்தில் வரும்போதும் ஃபேன் வராது.

முள் வழக்கமான இடத்தைத் தாண்டிய பிறகும் ஃபேன் வரவில்லை என்றால்தான் தேட ஆரம்பிக்க வேண்டும். இப்போது ஓடும் சின்னக் கார்கள் பலவற்றில் முள்ளே கிடையாது, நீல விளக்கும் சிவப்பு விளக்கும் மட்டும்தான். சிவப்பு எரியும் நேரத்தில் எஞ்சின் ஏற்கெனவே அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கும். அப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்கள் காரின் கம்பியூட்டரில் இருப்பதைப் படித்துக் காட்டும் ஒரு சின்ன ஓபிடி ரீடர் வாங்கி, போனிலேயே தண்ணீர்ச் சூட்டைப் பார்ப்பது நல்லது. பின்னால் சென்சரைச் சோதிக்கும்போதும் அது கைகொடுக்கும்.

2. கையில் இருக்க வேண்டியவை

ஒரு மல்டிமீட்டர். 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப். தடித்த வயர் இரண்டு, ஒவ்வொன்றும் ஒரு மீட்டராவது நீளம், அதில் ஒன்றின் நடுவே 30 ஆம்பியர் பியூஸ் ஹோல்டர். அதே அளவில் மாற்றுப் பியூஸ்கள். மணல்தாள், பழைய டூத் பிரஷ், கான்டாக்ட் கிளீனர், டோர்ச். கூலண்ட், அது இல்லாவிட்டால் டிஸ்டில்ட் வாட்டர்.

பியூஸ் இல்லாத வயரால் ஒருபோதும் பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுக்காதீர்கள். வயர் எங்காவது பாடியில் பட்டால் அந்த இடத்திலேயே உருகித் தீப்பிடிக்கும்.

3. கை வைக்கும் முன்

எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் மூடி தளர்ந்ததும் ஆவியாகப் பீறிட்டு முகத்துக்கு வரும். மேல் ஹோஸைக் கையால் நசுக்கிப் பாருங்கள். தாராளமாக நசுங்கி, கை பொறுக்கும் சூடாக இருந்தால் திறக்கலாம்.

பிளேடுக்குப் பக்கத்தில் கை போகும் ஒவ்வொரு தடவையும் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிடுங்கள். எஞ்சின் நின்ற பிறகும் சில கார்களில் ஃபேன் தானாகச் சுற்றும். "சாவியை எடுத்துவிட்டேனே" என்பது போதாது. கழுத்தில் கிடக்கும் ஷாலும் மஃப்ளரும் குளிருக்கு நல்லவைதான், பொனட்டைத் திறக்கும் முன் கழற்றி வைத்துவிடுங்கள்.

கார் சமதரையில் நிற்க வேண்டும். சமதரை கிடைக்காவிட்டால் ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்குக் கல் வையுங்கள்.

4. தண்ணீர், மூடி, ஹோஸ்

மின்சாரப் பக்கம் போகும் முன் தண்ணீரைப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஃபேனை எப்போது போடுவது என்று சொல்வது தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் சென்சர். தண்ணீர் குறைந்து சென்சர் இருக்கும் இடத்தில் காற்று நின்றுவிட்டால், எஞ்சின் கொதித்தாலும் சென்சருக்குச் சரியான சூடு தெரியாது. ஃபேனும் வராது. வயரிங்கில் எந்தக் குறையும் இருக்காது. கராஜில் அரை நாள் ரிலேயைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் இரண்டு லீட்டர் தண்ணீர் ஊற்றியதும் சரியாகிப் போன கார்களைப் பார்த்திருக்கிறேன்.

ரிசர்வ் டேங்க்கை மட்டும் பார்த்து நம்பிவிடாதீர்கள். மூடி பழுதானால் டேங்க் நிறைந்திருக்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். ரேடியேட்டரிலேயே மூடி உள்ள கார் என்றால் எஞ்சின் ஆறியதும் அதைத் திறந்து பாருங்கள். தண்ணீர் வாய் வரைக்கும் நிற்க வேண்டும்.

குறைந்திருந்தால் நிரப்புங்கள். உள்ளே அடைபட்ட காற்று வெளியேற, காரின் முன்பக்கம் மேட்டைப் பார்த்தபடி நிறுத்துவது நம் ஊரில் எளிது. ரேடியேட்டர் வாய் உயரத்தில் இருந்தால் காற்று தானாக அங்கே வந்து குமிழியாக வெளியேறும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, மட்டம் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே வாருங்கள். மேல் ஹோஸ் சூடாகத் தொடங்கியதும் மூடியைப் போட்டுவிடுங்கள். ஓடைத் தண்ணீரால் அவசரத்துக்கு நிரப்பலாம், ஆனால் அதையே வைத்து ஓட்டினால் உள்ளே துருவும் படிவும் சேரும்.

மூடியைச் சரியான நேரத்தில் போட வேண்டும் என்று சொல்வது ஏன் என்பதை மலையில் இருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கடல் மட்டத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். உயரம் ஏறினால், ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு பாகை வீதம் குறையும். ஹட்டனில் 96ஐ ஒட்டிக் கொதிக்கும். 1,868 மீட்டர் உயரமுள்ள நுவரெலியாவில் 94ஐ ஒட்டியே கொதித்துவிடும். ஃபேன் வர வேண்டிய சூடும் அதே 95ஐ ஒட்டித்தான். அதனால் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஃபேன் வருகிறதா பார்ப்போம்" என்று காத்திருந்தால், ஃபேன் வரும் முன்பே தண்ணீர் பொங்கி வழியும். கார் நன்றாக இருந்தாலும் இப்படித்தான் நடக்கும்.

மூடி சரியாக இருந்தால் கதை வேறு. மேலே 0.9 என்று அச்சிட்ட மூடி அந்த அளவு பார் அழுத்தத்தை உள்ளே பிடித்து வைக்கும், நுவரெலியாவிலும் தண்ணீர் 115ஐ ஒட்டும் வரை கொதிக்காது. கொழும்பில் பழுதான மூடியோடு சமாளித்து ஓடிய கார், ரம்பொடை வளைவுகளில் கொதிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மூடியின் ரப்பர் வெடித்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ மாற்றுங்கள். அதே எண் உள்ள மூடியைத்தான் போட வேண்டும்.

இதே கட்டத்தில் ஹோஸ்களையும் தொட்டுப் பாருங்கள். எஞ்சின் நன்றாகச் சூடாகியும் ரேடியேட்டரும் அதற்குப் போகும் ஹோஸ்களும் குளிர்ந்தே இருந்தால் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) திறக்கவில்லை. ரேடியேட்டரில் சுவிட்ச் உள்ள பழைய கார்களில் இது ஃபேனையும் நிறுத்திவிடும், ஏனென்றால் சூடான தண்ணீர் சுவிட்ச் இருக்கும் இடத்துக்கு வருவதே இல்லை. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுங்கள் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. நம் குளிருக்கு அது ஆகவே ஆகாது. எஞ்சின் சரியான சூட்டுக்கு வராது, பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். புதிதாக ஒன்று போடுங்கள்.

5. ஏசியைப் போட்டுப் பார்த்தல்

எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் உடனேயோ சற்று நேரத்திலோ ஃபேன் சுற்றும். சுற்றினால் மோட்டாருக்கு உயிர் இருக்கிறது, பியூஸும் இருக்கிறது என்று அர்த்தம். அப்போது நேராக 9ஆம் பகுதிக்குப் போகலாம்.

சுற்றாவிட்டால் மட்டும் மோட்டாரைக் குற்றம் சொல்லிவிடாதீர்கள். நம் பக்கத்தில் பலர் மாதக்கணக்கில் ஏசியே போடுவதில்லை. கேஸ் இறங்கியிருந்தால் கம்பிரசர் பிடிக்காது, சில கார்களில் அதனால் ஃபேனும் வராது. இரண்டு ஃபேன் உள்ள காரில், ஏசிக்கு உரியது மட்டும் சுற்றுவதைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. எது சுற்றுகிறது என்று குனிந்து பாருங்கள்.

6. மோட்டாரை நேராகச் சோதித்தல்

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, பிளேடை விரலால் சுற்றிப் பாருங்கள். இலகுவாகச் சுற்றித் தானாக நிற்க வேண்டும். கரகரத்தாலோ, இடையில் பிடித்தாலோ, பக்கவாட்டில் ஆடினாலோ பேரிங் போய்விட்டது. பிளேடுக்கும் உறைக்கும் நடுவே இலை, சிறு குச்சி, பொலித்தீன் ஏதும் சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து மோட்டாரின் கனெக்டரைக் கழற்றுங்கள். பின்களை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்து மழையிலும் மூடுபனியிலும் நிற்கும் கார்களில் இந்தப் பின்கள் பச்சை பூத்து, ஓரம் கறுத்து, பிளாஸ்டிக் இளகிக் கிடப்பது சாதாரணம். பச்சை என்றால் சுத்தம் செய்தால் போதும். பிளாஸ்டிக் இளகியிருந்தால் அந்த இடம் பிடிமானம் தளர்ந்து சூடாகியிருக்கிறது, கனெக்டரையே மாற்ற வேண்டும்.

இப்போது நெகட்டிவ் கேபிளை மீண்டும் மாட்டி, பியூஸ் போட்ட வயரால் பேட்டரியிலிருந்து மோட்டார்ப் பக்கத்துப் பின்களுக்குக் கரண்ட் கொடுங்கள். கை பிளேடை விட்டு விலகியே இருக்கட்டும். வேகமாகச் சுற்றினால் மோட்டார் நல்லது. சுற்றாமல் இருந்து, உடம்பில் மெதுவாக ஒரு தட்டு தட்டியதும் சுற்றினால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. அது இன்று ஓடும், அடுத்த ஏற்றத்தில் நிற்கும். நம்பிப் பயணம் போகாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை: இரண்டு தடித்த வயர் மட்டும் போகும் மோட்டாருக்குத்தான் இந்தச் சோதனை. புதிய கார்கள், ஹைபிரிட்கள் சிலவற்றில் மோட்டாரோடு கட்டுப்பாட்டு மொடியூலும் சேர்ந்திருக்கும், மெல்லிய வயரும் சேர்ந்து வரும். அதற்கு நேராகக் கரண்ட் கொடுத்தால் மொடியூல் எரிந்துவிடும்.

7. பியூஸ்

ஃபேனுக்குரிய பியூஸ் பெரும்பாலும் பொனட்டுக்குள் இருக்கும் பெட்டியில், 30 அல்லது 40 ஆம்பியர். மூடியின் உட்பக்கத்தில் படம் இருக்கும். ஜப்பானில் இருந்து வந்த ரீகண்டிஷன் கார்களில் சில ஜப்பானிய எழுத்தில் இருக்கும், போனின் கேமராவில் மொழிபெயர்த்துப் பார்க்கலாம்.

பியூஸைக் கண்ணால் பார்த்து நல்லது என்று சொல்லாதீர்கள். டெஸ்ட் லேம்பை நெகட்டிவில் மாட்டி, பியூஸின் இரண்டு பக்கத்தையும் தொடுங்கள். இரண்டிலும் எரிய வேண்டும். இரண்டிலும் எரியாவிட்டால் சாவியை ஒன் நிலைக்குக் கொண்டுவந்து மறுபடி பாருங்கள், சில கார்களில் அப்போதுதான் கரண்ட் வரும்.

ஒரு பக்கத்தில் மட்டும் எரிந்தால் பியூஸ் போய்விட்டது, அதே ஆம்பியரில் புதிதாகப் போடுங்கள். மறுபடியும் போனால், பெரிய பியூஸ் போடும் ஆசை வரும். வேண்டாம். பியூஸ் போவதற்குக் காரணம் ஒன்று, இறுகிய மோட்டார் அதிகக் கரண்ட் இழுப்பது. மற்றொன்று, எங்கோ வயர் தோலுரிந்து பாடியில் படுவது. தோட்டத்தில், லயத்துக்குப் பக்கத்தில் இரவு நிறுத்தும் கார்களில் எலி கடித்த வயர்தான் நான் முதலில் தேடுவது.

8. ரிலே: பாதியாகப் பிரிக்கும் இடம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மனதில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ரிலேயின் ஒரு பக்கம் பேட்டரி, பியூஸ், மோட்டார். மறு பக்கம் சென்சர், ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்பியூட்டர்). ரிலே சாக்கெட்டில் நின்று சோதித்தால், கோளாறு எந்தப் பாதியில் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

முதலில் எளிய சோதனை. ஹோர்ன் ரிலேயோ வேறொன்றோ அதே உருவம், அதே எண்ணில் இருந்தால் அதைக் கழற்றி ஃபேன் ரிலே இருந்த இடத்தில் போட்டுப் பாருங்கள். ஃபேன் வந்தால் ரிலே ஒன்று வாங்கினால் முடிந்தது.

வராவிட்டால் ரிலேயைக் கழற்றி, அதன் அடியில் உள்ள எண்களைப் படியுங்கள். 30, 87 என்பவை மோட்டாருக்குக் கரண்ட் போகும் வழி. 85, 86 என்பவை ரிலேயை இழுக்கும் சுருள். டொயோட்டா ரிலேகளில் எண்கள் வேறு: 1, 2 சுருள், 3, 5 கரண்ட் வழி.

சாக்கெட்டில் 30க்குரிய துளையில் 12 வோல்ட் இருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். இல்லையென்றால் கோளாறு பியூஸ் பக்கம். இருந்தால், பியூஸ் போட்ட வயரால் 30ஐயும் 87ஐயும் இணையுங்கள். இந்த வயரின் முனை துளையின் அளவில் இருக்க வேண்டும். தடித்த முனையைத் திணித்தால் சாக்கெட் விரிந்து, நல்ல ரிலேகூடப் பிடிக்காமல் போகும்.

ஃபேன் சுற்றினால் மோட்டார், பியூஸ், வயர், எர்த் எல்லாம் சரி, கோளாறு ரிலேயில் அல்லது கட்டளை வரும் பக்கத்தில். சுற்றாமல், 6ஆம் பகுதியில் நேராகக் கொடுத்தபோது மட்டும் சுற்றியிருந்தால், சாக்கெட்டுக்கும் மோட்டாருக்கும் நடுவே வயரிலோ எர்த்திலோ குறை. எர்த்தைப் பார்க்க, மோட்டார் கனெக்டரை மாட்டி 30, 87 இணைப்பை அப்படியே வைத்து, மீட்டரை மோட்டாரின் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே பிடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றித் துருவை மணல்தாளால் தேய்த்து இறுக்குங்கள்.

பழைய டொயோட்டாக்கள் சிலவற்றில் ரிலே தலைகீழாக வேலை செய்யும். கரண்ட் இல்லாதபோது ஃபேன் சுற்றும், சுருளுக்குக் கரண்ட் வந்தால் நிற்கும். உங்கள் காரில் ரிலேயில் 3, 4 என்று இருந்தால் இதை நினைவில் வையுங்கள்.

9. சென்சரும் சுவிட்சும்

இரண்டு வகை. பழைய கார்களில் ரேடியேட்டரிலோ எஞ்சினிலோ சூட்டுக்கு இயங்கும் சுவிட்ச். புதியவற்றில் சென்சர், அதைப் படித்து ரிலேயை இழுப்பது ஈசியூ.

ரேடியேட்டரில் இரண்டு வயர் சுவிட்ச் என்றால், கனெக்டரைக் கழற்றி இரண்டு பின்களையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். சாவி ஒன்னில் ஃபேன் வந்தால் சுவிட்சை மாற்ற வேண்டும். மேலே சொன்ன பழைய டொயோட்டா வகையில் இணைக்கத் தேவையில்லை, கனெக்டரைக் கழற்றினாலே ஃபேன் வர வேண்டும்.

சென்சர் உள்ள காரில், எஞ்சினை ஓடவிட்டு சென்சர் கனெக்டரைக் கழற்றுங்கள். பல கார்களில் ஈசியூ சூடு தெரியாமல் பாதுகாப்புக்காக ஃபேனைப் போட்டுவிடும். அப்படிப் போட்டால் ஈசியூவும் ரிலேயும் சரி, சென்சரைத்தான் சந்தேகப்பட வேண்டும். செக் எஞ்சின் விளக்கு எரியும், பயப்பட வேண்டாம்.

உறுதிசெய்ய, கனெக்டர் கழன்றிருக்கும்போதே மல்டிமீட்டரை ஓமில் வைத்து சென்சரின் பின்களில் பிடியுங்கள். ஜப்பானியக் கார்களின் சென்சர் பெரும்பாலும் 20 பாகையில் 2,000 முதல் 3,000 ஓம் வரை, 80 பாகையில் 300 ஓம் அளவில் காட்டும். சூடு ஏற ஏற எண் சீராக இறங்க வேண்டும். ஓபிடி ரீடர் இருந்தால் இன்னும் எளிது: ஹோஸ் கை வைக்க முடியாமல் கொதிக்கும்போது போன் 60 பாகை என்று காட்டினால் சென்சர் பொய் சொல்கிறது. பழைய கார்களில் முள்ளுக்கு ஒரு சென்சர், ஃபேனுக்கு வேறொன்று இருக்கலாம். முள் சரியாக ஏறுவதை வைத்து மற்றதும் நல்லது என்று எண்ணாதீர்கள்.

ஈசியூவுக்குப் போகும் மெல்லிய வயர்களில் டெஸ்ட் லேம்பை வைக்கக் கூடாது. அது இழுக்கும் கரண்டே ஈசியூவைக் கெடுத்துவிடும். அங்கே மீட்டர் மட்டும்.

10. வழியில் மாட்டினால்

முள் ஏறத் தொடங்கியதும் ஏசியை நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில், புளோவரை முழு வேகத்தில் வையுங்கள். எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கு உள்ளே வந்துவிடும். ஜன்னலைத் திறந்துவிட்டால் தாங்கலாம். பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிட்டு, வளைவு இல்லாத இடத்தில் ஓரம் கட்டுங்கள். முள் சிவப்பைத் தொட்டாலோ ஆவி வந்தாலோ எஞ்சினை நிறுத்தி, குறைந்தது அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான எஞ்சின்மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஹெட் கோணிவிடும்.

மோட்டார் நல்லது என்று தெரிந்தால், கனெக்டரைக் கழற்றிவிட்டு பியூஸ் வயரால் பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்து வீடு வந்து சேரலாம். பிளேடிலும் எக்ஸோஸ்ட்டிலும் படாமல் வயரைக் கட்டிவிடுங்கள். எஞ்சினை நிறுத்தியதும் கழற்ற மறந்தால் காலையில் பேட்டரி படுத்துவிடும்.

இறக்கத்தில் எஞ்சினை ஆறவிடலாம் என்று நிறுத்திவிட்டோ நியூட்ரலில் போட்டோ ஒருபோதும் இறங்காதீர்கள். எஞ்சின் நின்றால் ஓரிரு தடவை மிதித்ததும் பிரேக் கல் போல இறுகும், ஸ்டியரிங் கனக்கும். ரம்பொடையிலும் பெரகல இறக்கத்திலும் அடுத்த வளைவுக்குள் அது போதும், உயிர் போக. குறைந்த கியரில் இறங்குங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இறங்கும் எஞ்சின் சூடாகாது, ஆறத்தான் செய்யும்.

11. பொருத்திய பிறகு

மோட்டாரை மாற்றியிருந்தால் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். வயர் இடம் மாறினால் ஃபேன் தலைகீழாகச் சுற்றும், பார்வைக்குத் தெரியாது. ரேடியேட்டருக்குப் பின்னால் உள்ள ஃபேன் என்றால், கார் முகப்பில் ஒரு தாளைப் பிடியுங்கள். அது கிரில்லோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். உங்களை நோக்கிப் பறந்தால் இரண்டு வயரையும் மாற்றி இணையுங்கள். ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறையையும் திரும்பப் பொருத்துங்கள். அது இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காமல், பக்கத்துக் காற்றையே சுற்றிச் சுற்றி அனுப்பும்.

பிறகு மூடியைப் போட்டு, ஏசியை நிறுத்தி, எஞ்சினை நிமிடத்துக்கு 2,000 சுற்று அளவில் வைத்திருங்கள். ஃபேன் தானாக வந்து, சூடு சில பாகை இறங்கியதும் தானாக நிற்க வேண்டும். அந்த வருவதும் நிற்பதும் மூன்று தடவை நடக்கும் வரை பொனட்டை மூடாதீர்கள். ஒரு தடவை வந்ததும் கிளம்பிப் போய், ஏற்றத்தில் மறுபடி மாட்டிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

மறுநாள் காலை எஞ்சின் ஆறியபின் தண்ணீர் மட்டத்தை இன்னொரு தடவை பாருங்கள். காற்று வெளியேறிய இடத்துக்குச் சற்றுத் தண்ணீர் இறங்கியிருக்கும், நிரப்பிவிடுங்கள். ஒரு வாரம் கழித்தும் இறங்கிக்கொண்டே இருந்தால் எங்கோ ஒழுகுகிறது. அடுத்துத் தேட வேண்டியது ஹோஸ் கிளிப்களையும் வாட்டர் பம்பையும்.